டெங்குவின் நான்கு வகைகள் வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது எப்படி?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் (டெங்கு-1 முதல் டெங்கு-4 வரை) இருக்கின்றன, அவை எங்கிருந்து வந்தன, எந்த வரிசையில் எங்கெங்கே பரவின, ஒரு பகுதியில் 'வகை மாறிவிட்டது' என்றால் மருத்துவர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பது கேள்வி.

நான்கு வகைகளும் பழையவை. கடந்த 80 ஆண்டுகளில் அவை புதிதாக உருவாகவில்லை. தனித்தனி இடங்களில் இருந்தவை கப்பல், போர், விமானம், நகரப் பெருக்கம் ஆகியவற்றால் ஒன்றோடொன்று கலந்தன. ஓர் ஊரில் இப்போது எந்த வகை சுற்றுகிறது என்பது பாதிச் செய்திதான். அதற்கு முன் எந்த வகை வந்து போனது, எத்தனை ஆண்டு இடைவெளியில் போனது என்பது மறுபாதி. இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிடுகின்றன. அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் 'வகை' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டெங்கு வைரஸின் மரபுப் பொருள் சுமார் 10,700 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதிலிருந்து 10 புரதங்கள் உருவாகின்றன. அவற்றில் வைரஸின் மேலுறையில் இருக்கும் 'இ' புரதம்தான் நம் ஆன்டிபாடிகளின் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களின்) முக்கியக் குறி. நான்கு வகைகளுக்கும் இடையே அமினோ அமில வரிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறுபடுகிறது. ஒரு வகை வந்து குணமானவருக்கு அதே வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, நிற்கும். மற்ற மூன்று வகைகளுக்கு எதிராகச் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரைதான். அந்தக் குறுகிய பாதுகாப்பு தேய்ந்த பிறகு மிஞ்சும் அரைகுறை ஆன்டிபாடி, வேறொரு வகை உள்ளே வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிடிபட்ட வைரஸ் அந்த ஆன்டிபாடியையே வழியாகக் கொண்டு வெள்ளணுக்களுக்குள் எளிதாக நுழைந்து பெருகுகிறது. இரண்டாம் முறை வரும் டெங்கு பலருக்கு மோசமாக இருப்பதற்குக் கூறப்படும் முக்கியக் காரணம் இதுதான். தாயிடமிருந்து ஆன்டிபாடி பெற்ற குழந்தைகள், முதல் தொற்றிலேயே 6 முதல் 9 மாத வயதில் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

ஒவ்வொரு வகைக்குள்ளும் மரபுக் கிளைகள் உண்டு. டெங்கு-2இல் அமெரிக்கக் கிளை, ஆசியக் கிளைகள், ஆசிய-அமெரிக்கக் கிளை, காஸ்மோபாலிட்டன் கிளை, காட்டுக் கிளை என்று பிரிப்பார்கள். பரவல் வரலாற்றைப் புரிந்துகொள்ள வகை எண் மட்டும் போதாது. கிளையும் தெரிய வேண்டும். ஏன் என்று கீழே இக்கிடோஸ் நகரத்தின் கதையில் தெரியும்.

தொடக்கம் காட்டில். மலேசியக் காடுகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் குரங்குகளுக்கும் மர உச்சியில் வாழும் ஏடிஸ் கொசுக்களுக்கும் இடையே டெங்கு வைரஸ் சுற்றியது, இன்றும் சுற்றுகிறது. அங்கிருந்து நான்கு வகைகளும் ஒன்றாக அன்றி, தனித்தனியாகவே மனிதரிடம் தாவியிருக்கின்றன. மரபு வேறுபாட்டை வைத்துப் போடும் கணக்குகள் இந்தத் தாவல்களைச் சில நூறு ஆண்டுகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் வரை முன்னே வைக்கின்றன. மனிதரிடம் வந்த வைரஸை ஊர் ஊராகக் கொண்டுசென்ற ஏடிஸ் எஜிப்தி கொசு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அடிமை வணிகக் கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் முட்டையும் புழுவுமாக அட்லாண்டிக்கைக் கடந்து, பிறகு ஆசியத் துறைமுகங்களுக்கும் வந்தது. ஏடிஸ் முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கப்பல் பயணம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வகைகளைப் பற்றிய நம் பதிவு 1943இல்தான் தொடங்குகிறது. நாகசாகியில் பரவிய காய்ச்சலில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரென் கிமுராவும் சுசுமு ஹோட்டாவும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதை டெங்கு-1 என்கிறோம். அதையொட்டி ஆல்பர்ட் சேபின், பசிபிக் போர்முனையிலும் இந்தியாவிலும் நோயுற்ற அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்திலிருந்து வைரஸ்களைப் பிரித்தார். ஹவாய் வைரஸ் டெங்கு-1 ஆகவும், நியூ கினி வைரஸ் டெங்கு-2 ஆகவும் அமைந்தன. ஒன்று வந்து குணமானவருக்கு மற்றது வரும் என்பதைத் தன்னார்வலர்களிடம் சோதித்துக் காட்டியவரும் அவரே. 1956இல் மணிலாவில் இரத்தக்கசிவுக் காய்ச்சலால் (டெங்குவின் கடும் வடிவம்) பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வில்லியம் ஹாமனின் குழு டெங்கு-3, டெங்கு-4 ஆகிய இரண்டையும் கண்டது. இந்த ஆண்டுகளை 'பிறந்த ஆண்டு' என்று வாசிப்பது மிகவும் பரவலான பிழை. அவை ஆய்வாளர் அங்கே போய்ச் சேர்ந்த ஆண்டுகள், அவ்வளவே. டெங்கு-3உம் 4உம் அதற்கு முன்பே தென்கிழக்கு ஆசியாவில் இருந்திருக்கின்றன, பிரித்தறிய ஆள் இல்லை.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. படைகள் தீவுக்குத் தீவு நகர்ந்தன, நோயெதிர்ப்பு இல்லாத இளைஞர்கள் லட்சக்கணக்கில் வெப்பமண்டலத்துக்குள் வந்தார்கள். குண்டுவீச்சில் குழாய் நீர் அறுந்த ஊர்களில் மக்கள் தண்ணீரைப் பாத்திரங்களில் பிடித்து வைத்தார்கள், டயர்களும் டின்களும் திறந்தவெளியில் குவிந்தன. போருக்குப் பின் நகரங்கள் குடிநீர்க் குழாயைவிட வேகமாக வளர்ந்தன. விளைவாகத் தென்கிழக்கு ஆசியா, பல வகைகள் ஒரே நேரத்தில் நிலையாகச் சுற்றும் முதல் பகுதியானது. 1953-54இல் மணிலா, 1958இல் பாங்காக் என்று குழந்தைகளைக் கொல்லும் இரத்தக்கசிவுக் காய்ச்சல் தலைகாட்டியது. பாங்காக் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட், கடும் நோய் பெரும்பாலும் இரண்டாவது தொற்றில் வருகிறது என்று கண்டார்.

அமெரிக்கக் கண்டத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த வகை எப்போது நுழைந்தது என்பது அங்கேதான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் காய்ச்சலை ஒழிக்க 1947 முதல் ஏடிஸ் எஜிப்தி ஒழிப்பு கண்டம் முழுக்க நடந்தது. 1962க்குள் 18 நாடுகளும் சில கரீபியத் தீவுகளும் கொசு இல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. பிறகு பணம் குறைந்தது, ஆர்வமும் குறைந்தது. ஒழிக்காமல் விட்ட நாடுகளிலிருந்து கொசு திரும்ப வந்தது. 1970களின் முடிவில் பெரும்பாலான இடங்களை அது மீண்டும் பிடித்திருந்தது. 1977க்கு முன் அந்தப் பகுதியில் அறியப்பட்டிருந்தவை 1953இல் டிரினிடாடில் பிரித்தெடுத்த டெங்கு-2இன் அமெரிக்கக் கிளையும், 1963இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பரவிய டெங்கு-3உம்தான். 1977இல் ஜமைக்காவில் டெங்கு-1 நுழைந்து கரீபியம் முழுக்கப் பரவியது. 1981இல் கிழக்குக் கரீபியத் தீவுகளில் டெங்கு-4 வந்தது. அதே 1981இல் கியூபாவில் ஆசியாவிலிருந்து வந்த டெங்கு-2 வெடித்தது.

கியூபாவைப் போன்ற தெளிவான பாடம் டெங்கு வரலாற்றில் வேறில்லை. அங்கே 1977இல் டெங்கு-1 வந்து, நகரவாசிகளில் ஏறக்குறைய பாதிப்பேரைத் தொற்றியது. நோய் லேசாகவே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து டெங்கு-2 வந்தபோது 3,44,203 பேர் நோயுற்றார்கள். 10,312 பேருக்குக் கடும் நோய், 158 சாவுகள். இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். பிறகு கடும் கொசு ஒழிப்பால் நாடு நீண்ட காலம் டெங்கு இல்லாமல் இருந்தது. 1997இல் சாந்தியாகோ டே கியூபா நகரில் டெங்கு-2 மறுபடி நுழைந்தது. இடையில் பிறந்த குழந்தைகள் டெங்கு-1ஐப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு வந்தது முதல் தொற்று, அவர்கள் தப்பினார்கள். 1977இல் டெங்கு-1 வந்திருந்த பெரியவர்களில் 205 பேருக்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல் கண்டது, 12 பேர் இறந்தார்கள். 12 பேரும் பெரியவர்கள். டெங்கு-1க்குப் பின் டெங்கு-2 என்ற வரிசை ஒன்றே. தொற்றியவர்களின் விகிதத்தில் பார்த்தால், 4 ஆண்டு இடைவெளியைவிட 20 ஆண்டு இடைவெளி கொடியதாக இருந்தது. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதே, பழைய தொற்றின் விளைவு போயிருக்கும் என்று யாரும் ஆறுதல் கொள்ள முடியாது.

இதற்கு நேரெதிராக, பெருவின் அமேசான் நகரமான இக்கிடோஸில் 1990இல் டெங்கு-1 வந்தது, 1995இல் டெங்கு-2 வந்தது. கியூபாவின் அதே வரிசை. நூற்றுக்கணக்கிலாவது கடும் நோயாளிகளை எதிர்பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. காரணம், வந்த டெங்கு-2 பழைய அமெரிக்கக் கிளை. டெங்கு-1இன் ஆன்டிபாடிகள் அந்தக் கிளையை ஓரளவு செயலிழக்கச் செய்தன என்பதும், அதன் பெருகும் திறனே குறைவு என்பதும் பின்னர் ஆய்வகத்தில் தெரிந்தது. ஆசியாவிலிருந்து வந்த கிளை அந்தப் பழைய கிளையைக் கண்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விரட்டிவிட்டது. வகை எண் ஒன்றாக இருந்தும் விளைவு வேறானது இப்படித்தான்.

டெங்கு-3இன் நீண்ட பயணம் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து தொடங்குகிறது. அதன் மூன்றாம் கிளை 1980களில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் 1984-85இல் மொசாம்பிக்கில் பரவியது. 1989இல் இலங்கையில், அதே கிளையின் புதிய உட்பிரிவு பழையதன் இடத்தைப் பிடித்தது. இலங்கை பல பத்தாண்டுகளாக டெங்குவைப் பார்த்த நாடு, நான்கு வகைகளும் இருந்தன, ஆனால் கடும் நோய் அரிதாகவே இருந்தது. அந்த உட்பிரிவு வந்த பிறகு கடும் நோய் வழக்கமானது. 1994இல் டெங்கு-3 நிகராகுவாவிலும் பனாமாவிலும் இறங்கியது. பிறகு மத்திய அமெரிக்கா, கரீபியம், 2000ஆம் ஆண்டின் கடைசியில் ரியோ டி ஜெனீரோ மாநிலம். பிரேசிலின் வரிசை இது: 1981-82இல் வடக்கே போவா விஸ்டாவில் டெங்கு-1உம் 4உம் சிறு பரவலாக வந்து அடங்கின. 1986இல் ரியோவில் டெங்கு-1, 1990இல் டெங்கு-2, 2000க்குப் பின் டெங்கு-3. டெங்கு-4 ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து 2010இல் வடக்கிலிருந்தே திரும்ப வந்தது.

தெற்காசியாவில் வேலூரில் 1950களிலிருந்தே வைரஸ் பிரித்தெடுக்கும் பணி நடந்தது. 1960களிலேயே நான்கு வகைகளும் அங்கே பதிவாயின. அதாவது நான்கு வகைகளும் ஓரிடத்தில் இருப்பது மட்டும் பேரழிவுக்குப் போதாது. 1963-64இல் கல்கத்தாவில் இரத்தக்கசிவோடு டெங்கு-2 பரவியது. 1996இல் டெல்லியில் டெங்கு-2 வந்தபோது 10,252 பேர் நோயுற்று 423 பேர் இறந்தார்கள். 2003இல் அதே நகரில் நான்கு வகைகளும் சேர்ந்து சுற்றின, டெங்கு-3 முன்னணியில் நின்றது. வங்கதேசத்தில் 2000ஆம் ஆண்டு டெங்கு-3 முதல் பெரும் பரவலைக் கொண்டுவந்தது. 2023இல் டெங்கு-2 முன்னணியில் இருந்தபோது 3,21,179 பேர் நோயுற்று 1,705 பேர் இறந்தார்கள். இலங்கையில் 2009 முதல் டெங்கு-1 ஆதிக்கம் செலுத்தியது. 2017இல் டெங்கு-2 திரும்பியதும் ஒரே ஆண்டில் 1,86,101 பேர். தேசங்கள் வேறு, எண்கள் வேறு, ஆனால் பல ஆண்டுகள் காணாமல் இருந்த வகை திரும்பும்போதுதான் எண்ணிக்கை எகிறுகிறது.

ஆப்பிரிக்காவைப் பற்றிய பதிவு மெலிந்தது. நைஜீரியாவின் இபாடானில் 1960களிலேயே டெங்கு-1உம் 2உம் பிரித்தெடுக்கப்பட்டன. ஆனால் காய்ச்சல் என்றாலே மலேரியா என்று மருந்து கொடுத்து அனுப்பும் இடங்களில் டெங்குவைத் தேடவே மாட்டார்கள். 2009இல் கேப் வெர்டேவில் டெங்கு-3 வந்து 20,000 பேருக்கு மேல் நோயுற்றபோதும், புர்கினா பாசோவில் 2016க்குப் பின் பெரும் பரவல்கள் வந்தபோதும்தான் கவனம் திரும்பியது. வரைபடத்தில் ஆப்பிரிக்கா வெளிறிக் கிடப்பதைப் பார்த்து அங்கே நோய் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள்.

ஒரே இடத்தில் வகைகள் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதற்குப் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையின் பதிவு நல்ல சான்று. 1973 முதல் 1986 வரை டெங்கு-2 முன்னணி, 1987இல் டெங்கு-3, 1988-89இல் மீண்டும் டெங்கு-2, 1990-92இல் டெங்கு-1, 1993-94இல் டெங்கு-4, 1995-99இல் டெங்கு-3. நான்கும் எப்போதும் இருந்தன, முன்னணிதான் கைமாறியது. ஒரு வகை சில பருவங்கள் பரவினால் அதற்கு எதிர்ப்பில்லாதவர் எண்ணிக்கை சுருங்கும். தொற்றின் சங்கிலி அறுபடத் தொடங்கும். அதற்குள் வேறொரு வகைக்கு எதிர்ப்பில்லாத குழந்தைகள் சேர்ந்திருப்பார்கள். தாய்லாந்தில் டெங்கு அலை பாங்காக்கில் தொடங்கி மாதத்துக்குச் சுமார் 148 கிலோமீட்டர் வேகத்தில் வெளிமாகாணங்களுக்கு நகர்வதையும், ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை அது திரும்புவதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய நகரங்கள் எல்லா வகைகளையும் தக்கவைக்கின்றன, சிறு தீவுகளில் முடியாது. பசிபிக் தீவுகளில் ஒரு வகை வந்து, சில ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்தி, எதிர்ப்பில்லாத ஆட்கள் தீர்ந்ததும் மறைந்து, வேறு வகை வெளியிலிருந்து வரும்.

எதிர்ப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 1994இல் புவேர்ட்டோ ரிக்கோவில் டெங்கு-2இன் ஒரு உட்பிரிவு இன்னொன்றை வெளியேற்றியது. மரபிழையின் கடைசிப் பகுதியில் சில எழுத்து மாற்றங்கள் இருந்தன. அந்தப் பகுதியிலிருந்து உண்டாகும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு நம் செல்லின் எச்சரிக்கைப் புரதம் ஒன்றைக் கட்டிப்போட்டு, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் உற்பத்தியைத் தடுத்தது. வகை மாறாமலேயே வைரஸ் சாமர்த்தியமாகிவிட்டது.

வைரஸ் இடம் மாறுவது பெரும்பாலும் மனிதரோடுதான். ஏடிஸ் எஜிப்தி தன் வாழ்நாளில் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பே இருக்கும், காய்ச்சல் நாள்களிலும் இருக்கும். கொசு அதை உறிஞ்சிய பிறகு மற்றவருக்குக் கடத்த 8 முதல் 12 நாள் ஆகும். விமானத்தில் வந்த ஒருவர், அறிகுறி தெரியாமலேயே, வந்த ஊரின் கொசுவுக்கு வைரஸைக் கொடுத்துவிட முடியும். கொசுக்கள் பயணிப்பது பழைய டயர்களில். டெங்குவைப் பரப்பும் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆசியாவிலிருந்து 1979இல் அல்பேனியாவிலும், 1985இல் டெக்சாஸின் ஹூஸ்டனிலும் தென்பட்டதற்கு டயர் வணிகமே முக்கிய வழி.

இனி, இந்தத் தரவுகளை வாசிக்கும்போது எங்கே சறுக்கலாம் என்பது. மருத்துவமனையில் எடுக்கும், வைரஸின் ஒரு புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை டெங்கு இருக்கிறதா என்று சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. ஆன்டிபாடியைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனையும் அப்படித்தான், அது ஜிகா போன்ற உறவு வைரஸ்களோடும் குழம்பும். வகையறிய, வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வேண்டும். காய்ச்சல் தொடங்கிய 5 நாளுக்குள் எடுத்த இரத்தம் வேண்டும், மாதிரி குளிர் குலையாமல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். 1992இல் வந்து உலகெங்கும் பயன்பட்ட முறையில், ஜெல்லில் தெரியும் மரபுத் துண்டின் நீளத்தை வைத்து வகையைச் சொல்வார்கள்: டெங்கு-1க்கு 482 எழுத்து இணைகள், டெங்கு-2க்கு 119, டெங்கு-3க்கு 290, டெங்கு-4க்கு 392. பிரைமர் (பரிசோதனையில் மரபிழையோடு ஒட்டும் சிறு துண்டு) ஒட்ட வேண்டிய இடத்தில் உள்ளூர் வைரஸ் மாறியிருந்தால் அந்த வகை தெரியாமலே போகும். அப்போது அறிக்கையில் 'இல்லை' என்று வரும், ஊரில் இருக்கும். டெங்கு-4க்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அது பெரும்பாலும் இரண்டாம் தொற்றிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது, முதல் தொற்றில் பலர் லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனவே மருத்துவமனைத் தரவில் அது எப்போதும் குறைவாகவே தெரியும். தன் நாட்டிலேயே வகையறியாத இடங்களைப் பற்றி, அங்கிருந்து திரும்பும் பயணிகளின் இரத்தம்தான் பல நேரம் முதலில் சொல்கிறது. 2022இல் கியூபாவில் டெங்கு-3 சுற்றுவது புளோரிடாவில் பரிசோதித்த பயணிகளிடம் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்தாவது வகை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007இல் மலேசியாவின் சரவாக்கில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து 2013இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அது மக்களிடையே தொடர்ந்து பரவும் வகையாக நிறுவப்படவில்லை. நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தற்போதைய நிலவரம் கவலைக்குரியது. டெங்கு-2இன் காஸ்மோபாலிட்டன் கிளை 2019இல் பெருவிலும் 2021இல் பிரேசிலிலும் நுழைந்தது. பல ஆண்டுகள் அடங்கியிருந்த டெங்கு-3, ஆசியாவிலிருந்து வந்த புதிய பிரிவாக 2023இல் பிரேசிலின் வடக்கே தென்பட்டது. 2024இல் பிரேசிலில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அந்த அலையை நடத்தியவை பெரும்பாலும் டெங்கு-1உம் 2உம். இவற்றைப் பெற்றுக் குணமானவர்கள் மத்தியில் இனி டெங்கு-3 பரவினால் அவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாம் தொற்று.

தடுப்பூசி முடிவுகளிலும் இந்த வரலாறு நேரடியாகக் குறுக்கிடுகிறது. டெங்வாக்ஸியா என்ற தடுப்பூசி, முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு முதல் தொற்றைப் போலச் செயல்பட்டு, பின்னர் வரும் தொற்றைக் கடுமையாக்கியது. 2017இல் இந்த ஆபத்து வெளியே தெரிந்த பிறகு, முன்பு டெங்கு வந்தது உறுதியானவர்களுக்கு மட்டும் என்று பயன்பாடு சுருங்கியது. அடுத்து வந்த க்யூடெங்கா டெங்கு-2க்கு எதிராக வலுவாக வேலை செய்கிறது. முன்பு டெங்கு வராதவர்களிடம் டெங்கு-3க்கு எதிராகப் பலன் காட்டவில்லை, டெங்கு-4க்கு முடிவுசொல்லும் அளவு நோயாளிகள் ஆய்வில் இல்லை. அதனால் தொற்று அதிகமாக உள்ள இடங்களில் 6 முதல் 16 வயதுக்குள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த வயதில் பலருக்கு ஏற்கெனவே ஒரு தொற்றாவது வந்திருக்கும் என்பது அதன் கணக்கு. ஓர் ஊரில் இதை முடிவெடுப்பவர்கள் கையில் மூன்று தகவல் இருக்க வேண்டும்: கடந்த 20 ஆண்டுகளில் எந்த வகை எந்த ஆண்டு முன்னணியில் இருந்தது, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேருக்கு டெங்கு ஆன்டிபாடி இருக்கிறது, இப்போது சுற்றும் வகையின் கிளை எது. முதல் தகவலைப் பிற்பாடு உருவாக்க முடியாது. அதற்கு நோய் குறைந்த மாதங்களிலும் ஒரு பங்கு மாதிரிகளை விடாமல் வகையறிந்து, தேதியோடும் இடத்தோடும் குறித்து வைக்க வேண்டும்.